ஆமைப்பாறையில் நிற்பவன்

டுவார்ட்டே விளக்கை அழுத்துவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

அவனுடைய கட்டைவிரல் மார்பில் கட்டியிருந்த சின்ன சிவப்பு விளக்கின் பொத்தானைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இன்னும் தொடவில்லை. அதற்குள் நாற்பது கஜம் தள்ளி, இருட்டுக்குள், ஆமைப்பாறை இருக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி ஒருமுறை எரிந்து அணைந்தது.

கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தன் விளக்கை அழுத்தினான். முறைப்படி கேள்வி அவனுடையது, பதில் லினோவுடையது. கால் மணிக்கு ஒருதடவை உயரமான பாறையில் நிற்பவன் மினுக்கவேண்டும், தாழ்ந்த பாறையில் நிற்பவன் திருப்பி மினுக்கவேண்டும். இருக்கியா? இருக்கேன். அதற்குமேல் பேச்சில்லை. இப்போது அவன் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அதுதான் முன்கூட்டியே வந்துவிட்டதே.

"அவசரக்குடுக்கை" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி தூண்டிலை வீசினான். மணி ஏழேகால்.

வடகிழக்கிலிருந்து நேற்றுக் காலையில் பிடித்த காற்று இன்னும் விடவில்லை. முகத்தில் உப்பை அறைந்து அறைந்து உதடு மரத்துப்போயிருந்தது. அலை பாறைக்கு முன்னால் உயர்ந்து, ஒரு நொடி யோசிப்பதுபோல நின்று, பிறகு மொத்தமாகச் சரிந்து வெளுத்து, அவன் கணுக்காலைச் சுற்றிச் சீறிக்கொண்டு பின்னால் ஓடியது. அந்த வெளுப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. நிலா இல்லாத நவம்பர் இருட்டில் நுரைக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. காற்றில் வெள்ளரிக்காய் வெட்டிய வாசனை அடித்தது. வரிக்கொடுவா கூட்டமாய் வந்து நின்றால் அந்த வாசனை வரும். இந்தக் கரையில் தூண்டில் பிடிக்கிறவர்கள் அந்த மீனை வெறும் 'வரியன்' என்பார்கள். வருஷம் முழுக்க அவர்கள் காத்திருப்பது இந்த ஒரு வாசனைக்காகத்தான்.

புயல் நாளை மத்தியானம் கரையைத் தொடும் என்று சொல்லியிருந்தார்கள். புயல் வந்தபிறகு ஒன்றும் கிடைக்காது. தண்ணீர் சாணிக்கரைசலாகிவிடும், வீசுகிற நூலில் எல்லாம் பாசி கோத்துக்கொண்டு வரும், மீன் தெற்கே போய்விடும். அதற்கு முந்தின நாள் வேறு. காற்றழுத்தம் இறங்க இறங்க வரியனுக்கு வெறி பிடிக்கும். அலை குட்டி மத்தியைக் கரையோரம் நெருக்கித் தள்ளும், அதைத் துரத்திக்கொண்டு ஐம்பது பவுண்டு மீன்கூட மனிதன் நிற்கும் பாறையின் காலடி நுரைக்குள் வந்துவிடும். மூன்று மணி நேரம், சில வருஷம் நாலு. அந்த மூன்று மணி நேரத்துக்காக டுவார்ட்டே இரண்டு வேலைகளை இழந்திருக்கிறான். வருத்தப்பட்டதில்லை.

சாயங்காலம் ஃபால் ரிவர் ஊரிலிருந்து வண்டியில் வரும்போதே தங்கை ஒடெட் போன் ஸ்பீக்கரில் பிடித்துக்கொண்டாள். லினோ அவளுடைய கணவன். பக்கத்து இருக்கையில், மடியில் சோரீசு இறைச்சித் துண்டுகள் திணித்த ரொட்டியை வைத்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, புயல் வருதுன்னு டிவியில கத்திக்கிட்டு இருக்கான்."

"அது நாளைக்கு, ஒடெட். இன்னைக்கு முந்தின நாள்."

"முந்தின நாளுக்கு இவரை எதுக்கு இழுத்துக்கிட்டுப் போறே? அவருக்கு நாய் நீச்சல்தான் தெரியும்."

"நாய் முழுகி நீ பாத்திருக்கியா?" என்றான் லினோ, வாய் நிறைய ரொட்டியோடு.

அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு பேரா போறீங்க, ரெண்டு பேரா வரணும். நீ மட்டும் வந்து நின்னா கதவத் திறக்கமாட்டேன் அண்ணே. சொல்லிட்டேன்."

"நான் மட்டும் வந்தா?" என்றான் லினோ.

"அப்போ யோசிக்கிறேன்."

கரைமேட்டில் வண்டி நிறுத்தும் இடத்தில் எல்வுட் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். வயது எழுபது, முழங்கால் இரண்டும் போய்விட்டது. தண்ணீரில் இறங்கி ஆறு வருஷமாகிறது. இப்போது அவருடைய வேலை, வண்டிக்குள் சூடாக்கியைப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் எந்தப் பாறையில் நிற்கிறார்கள் என்று கண்டுபிடித்து, மறுநாள் தூண்டில் கடையில் உட்கார்ந்து ஊருக்கே சொல்வது.

"எங்கடா கிளம்பிட்டீங்க மாமன் மச்சானா?"

"சும்மா கடலைப் பாக்க வந்தோம், பெரியவரே."

"ரப்பர் உடுப்பு மாட்டிக்கிட்டா பாப்பாங்க?"

"குளிருதே."

எல்வுட் காப்பிக் கோப்பையை முன்கண்ணாடி ஓரத்தில் வைத்துவிட்டுச் சிரித்தார். "நீ சொல்லவே வேணாம். ராத்திரி ஒரே ஒரு தடவை வெள்ளை விளக்கப் போடு, அது போதும். விடிஞ்சா அந்தப் பாறையில பன்னெண்டு பேரு நிப்பான்."

"அப்போ நாங்க உங்க வண்டியில உக்காந்து காப்பி குடிச்சுக்கிறோம்" என்றான் லினோ.

எல்வுட்டின் கண்ணில் படாமல் கரையோரமாய் அரை மைல் சுற்றி நடந்துதான் இறங்கினார்கள். கரையிலிருந்து அறுபது கஜம் நீந்தினால் இரண்டு பாறைகள். ஒன்று மேசைபோல உயர்ந்து தட்டையாக இருக்கும். இன்னொன்று அதைவிட இரண்டரை அடி தாழ்ந்து, முதுகு வளைந்து, ஆமை மாதிரி இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் டுவார்ட்டே கண்டுபிடித்த இடம். லினோவைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. மேசைக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது, பெரிய மீன் அங்கேதான் படுக்கும்.

"உனக்கு ஆமை" என்றான் டுவார்ட்டே. "மீன் உன் காலடியிலேயே வரும், மச்சான்."

"தண்ணி ஏறினா?"

"ஏழு மணிக்குத்தான் முழு வற்று. எட்டு மணிக்கு நாம கிளம்பிடுவோம். எட்டரை வரைக்கும் உன் கால்கூட நனையாது."

"அட்டவணையில அப்படியா போட்டிருக்கு?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

கடலின் ஏற்ற இறக்க அட்டவணையில் அப்படித்தான் போட்டிருந்தது. அதை அச்சடித்தவனுக்கு இந்தப் புயல் தெரியாது. ஒன்றரை நாளாக ஒரே திசையிலிருந்து அடிக்கும் காற்று கடலைக் கொண்டுவந்து கரையில் குவித்து வைத்துவிடும். வற்றவேண்டிய நேரத்திலும் வற்றாது, ஏறவேண்டிய நேரத்துக்கு முன்பே ஏறும். டுவார்ட்டே இதை அறியாதவன் இல்லை. பள்ளத்தை நினைத்துக்கொண்டு இதை நினைக்காமல் விட்டான்.

ஏழு இருபதுக்கு நாற்பது பவுண்டு மீன் ஒன்று கவ்வியது. நூல் முனையில் கட்டிய கட்டைமீனை, மரத்தில் செய்த பொய் இரையை, அவன் இழுத்துக்கொண்டிருந்தபோது நுரைக்கு நடுவில் தண்ணீர் குழிந்தது, கோல் வளைந்தது, ரீல் அலறியது. பத்து நிமிஷம் உலகத்தில் வேறொன்றும் இல்லை. காலடியில் கொண்டுவந்து, கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கி, எடையைக் கையாலேயே அளந்து, அந்தக் கறுப்பு வரிகளை இருட்டில் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டான். மூச்சு வாங்கியது. லினோவுக்குக் கத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது. கத்தக்கூடாது. சத்தம் காற்றோடு மேட்டுக்குப் போகும். எல்வுட் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

ஏழரை. கையை மார்புக்குக் கொண்டுபோனான். முழங்கை மடங்கும்போதே அந்தப் பக்கம் சிவப்பு எரிந்து அணைந்தது.

இந்தத் தடவை அவன் திட்டவில்லை.

காத்துப்பார்த்தான். கையை இறக்கினான். ஒன்றுமில்லை. அலை, நுரை, மறுபடி அலை. சரியாக முப்பது வரை எண்ணினான். பிறகு கை அசையாமல், விரல் அசையாமல், இப்போது அழுத்தலாம் என்று மனதுக்குள் மட்டும் நினைத்தான்.

சிவப்பு எரிந்தது. அணைந்தது.

தற்செயல் என்று நினைத்துக்கொண்டான். எப்போது தேடினாலும் ஒரு காரணம் கிடைக்கும். லினோவுக்குப் பயமாக இருக்கலாம், சும்மா சும்மா அழுத்திக்கொண்டிருக்கலாம், இவன் நினைத்த நேரமும் அவன் அழுத்திய நேரமும் ஒன்றாகிப்போயிருக்கலாம். விளக்கு எரிகிறது. எரிந்தால் ஆள் இருக்கிறான். அதற்காகத்தானே இந்த ஏற்பாடு.

அப்போதுதான் தண்ணீர் முழங்காலை நெருங்கியது.

அலை இல்லை, நிலையான தண்ணீரே அவ்வளவு. மேசையின் மேல், அவன் கணுக்கால் மட்டுமே நனைந்துகொண்டிருந்த இடத்தில், இப்போது முழங்காலுக்குச் சற்றுக் கீழே கடல் நின்றுகொண்டிருந்தது, வடியவில்லை. ஆமை இதைவிட இரண்டரை அடி தாழ்வு. கணக்கு போடத் தேவையே இல்லை. லினோவுக்கு இடுப்பைத் தாண்டியிருக்கும். இந்த அலையில் இடுப்பளவுத் தண்ணீரில் எவனாலும் ஒரு நிமிஷம்கூட நிற்க முடியாது.

ஆனால் விளக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு மனிதனின் மார்பு உயரத்தில், ஆடாமல்.

கழுத்தில் வெள்ளை விளக்கு தொங்கியது. கையில் எடுத்தான். ஒருதடவை அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு நொடி போதும். தலையைத் திருப்பி மேட்டைப் பார்த்தான். எல்வுட்டின் வண்டிக்குள் அளவுகாட்டிகளின் மங்கிய பச்சை தெரிந்தது. மூன்று வருஷமாய் யாருக்கும் தெரியாத பாறை. இரண்டு நொடியில் போய்விடும். வெளிச்சம் பட்டால் பள்ளத்தில் இருக்கும் மீனும் போய்விடும். இன்னும் எட்டு மணி ஆகவில்லை. ஆள் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான்.

விளக்கை விட்டுவிட்டான். அது மார்பில் மோதி ஆடியது.

சமாதானத்துக்காக ஒருதடவை மட்டும், அடித்தொண்டையில், "மச்சான்" என்று கூப்பிட்டான். காற்று அதை வாயிலேயே திருப்பித் திணித்தது.

மறுபடி வீசினான். கட்டைமீன் எங்கோ விழுந்தது. இழுத்தான். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. பத்து நிமிஷத்துக்கு முன்வரை கொதித்துக்கொண்டிருந்த பள்ளம் செத்துக் கிடந்தது. காலில் ஏதோ தட்டியது. பிறகு இன்னொன்று. குனிந்து கையை விட்டால் குட்டி மத்தி, விரல் நீளம், நூற்றுக்கணக்கில். அலை ஓயும் நேரம் பார்த்துப் தண்ணீருக்கு மேல் துருத்தியிருந்த பாறைவிளிம்பில் துள்ளி ஏறி விழுந்துகொண்டிருந்தன. ஈரமான கல்லில் கிடந்து துடித்தன. தண்ணீருக்குள் திரும்ப ஒன்றுகூட முயலவில்லை. மற்றவை தண்ணீருக்குள் அவன் பூட்ஸோடு ஒட்டி ஒடுங்கிக் கிடந்தன.

வெள்ளரிக்காய் வாசனை போயிருந்தது. வேறொரு வாசனை இருந்தது. பூட்டிப்போட்ட வீட்டை வருஷம் கழித்துத் திறந்தால் முதல் மூச்சில் வருமே, அது. திறந்த கடலின் நடுவில், இவ்வளவு காற்றில், அந்த மூடிய வாசனை.

ஏழு ஐம்பது. நூல் கனத்தது.

மீன் அடிக்கவில்லை. கட்டைமீனை நீரோட்டம் இடதுபக்கமாக, ஆமைப்பக்கமாக அடித்துக்கொண்டு போயிருந்தது. அங்கே எதிலோ போய்த் தங்கியது. பாறை என்று நினைத்தான். கோலை மெல்லத் தூக்கினான். பாறை வராது. இது வந்தது. ஒரு சாண் வந்து நின்றது. பெரிய மீன் சில சமயம் இப்படித்தான், தனக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாமல் சும்மா வரும். அறுபது பவுண்டு. அதற்கும் மேலே. பயம் இரண்டடி பின்னால் போய் நின்றது. கோலைத் தூக்கி, தாழ்த்தி, தாழ்த்தும்போது சுற்றினான். மறுபடி தூக்கினான்.

கண் ஓரத்தில் சிவப்பு எரிந்தது. இந்தத் தடவை அணையவில்லை.

அவன் அதைப் பார்க்காமல் சுற்றினான். தலை ஆட்டவில்லை இந்த மீன். ஓடவில்லை. கனம் மட்டும். தூக்கு, தாழ்த்து, சுற்று. பிறகு பார்த்தான்.

விளக்கு நகர்ந்திருந்தது.

நிறுத்தினான். அது நின்றது.

கோலைத் தூக்கினான். சிவப்பு அவனை நோக்கி ஒரு கோல் தூரம் வந்தது.

ரீலைத் தளர்த்தினான். நூல் சரசரவென்று ஓடியது. சிவப்பு பின்வாங்கியது.

இறுக்கினான். நின்றது.

இல்லை.

மறுபடி ஒருதடவை செய்து பார்த்தான். சிறுபிள்ளைபோல. தூக்கினால் வந்தது. விட்டால் போனது. நூலின் அந்தப்பக்கம் இருப்பது மீன் இல்லை.

இடுப்பில் கத்தி இருந்தது. ஒரு தொடு தொட்டால் நூல் அறுந்துவிடும். கை அதன் பிடி வரைக்கும் போயிற்று. ஒருவேளை அவன் இன்னும் மிதந்துகொண்டிருந்தால்? ரப்பர் உடுப்பு மிதக்கும். மயங்கியிருக்கலாம். தலையில் அடிபட்டிருக்கலாம். அவனைக் கரையோடு சேர்க்கும் ஒரே கயிறு இதுதான் என்றால்? ரெண்டு பேரா போறீங்க.

கத்தியை விட்டான். சுற்றினான். இப்போது மீன்பிடிக்காரன் சுற்றுவதுபோலச் சுற்றவில்லை. அழுதுகொண்டே சுற்றினான். இருபது கஜம். பதினைந்து. இடது கையால் வெள்ளை விளக்கைப் பிடித்து, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, கடல்மேல் அடித்தான்.

ஆமைப்பாறை இல்லை.

அது இருந்த இடத்தில் தண்ணீர் உருண்டுகொண்டிருந்தது. சுற்றி ஒரு நுரை வளையம்கூட இல்லை. நுரை வளையமும் எழாத ஆழத்துக்கு அது முழுகிப்போயிருந்தது. இப்போது இல்லை, வெகுநேரத்துக்கு முன்பே. ஏழேகால் மணிக்கே அங்கே எவனும் நின்றிருக்க முடியாது.

வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுவந்தான். லினோ மல்லாந்து வந்துகொண்டிருந்தான், தலை முன்னால், கால் பின்னால். தோள்பட்டை வாரில் கட்டைமீனின் மூன்று கொக்கியும் இறங்கியிருந்தன. கண் திறந்திருந்தது. வாயும் திறந்திருந்தது. அலை ஒவ்வொன்றும் அந்த வாய்க்குள் போய், நிதானமாக வெளியே வந்தது.

அவன் மார்பில் விளக்கு எரியவில்லை. கண்ணாடி உடைந்து, உள்ளே தண்ணீர் நிறைந்து, கறுத்துக் கிடந்தது.

சிவப்பு வேறெங்கோ இருந்தது. லினோவின் கால்களுக்கு அடியில். தண்ணீருக்குள், இரண்டு முழ ஆழத்தில். அவனோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்தது.

மேட்டில் ஹாரன் அடித்தது. இரண்டு தடவை, குட்டையாக, குஷியாக. எல்வுட்டின் வண்டி முகப்பு விளக்கைப் போட்டு அணைத்தது. மாட்டிக்கிட்டியா?

"எல்வுட்!" என்று கத்தினான். விளக்கைத் தலைக்குமேல் தூக்கி வட்டமாகச் சுற்றினான். "எல்வுட்! ஆளு! ஆளு தண்ணியில!"

ஹாரன் மறுபடி அடித்தது, இந்தத் தடவை நீளமாக, சிரிப்பதுபோல. பாறையின் ரகசியம் போன ஆத்திரத்தில் ஒருவன் விளக்கைத் தூக்கித் தூக்கிக் காட்டினால் வேறு என்னதான் நினைப்பார்? வண்டி பின்னால் வந்து திரும்பியது. பின்விளக்குகள் சாலையில் ஏறின. வளைவில் ஒருகணம் நின்றன. போய்விட்டன.

தண்ணீர் முழங்காலைத் தாண்டியது.

லினோ பாறைக்கு வந்து சேர்ந்தான். டுவார்ட்டே கோலைக் கடலிலேயே விட்டுவிட்டு மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவனுடைய தோள்வாரைப் பிடித்தான். வெள்ளை விளக்கு கழுத்திலிருந்து தொங்கி, லினோவின் முகத்தில் நேராக விழுந்தது. முகம் மெழுகு. இழுத்தான். அசையவில்லை. நனைந்த உடுப்பும் ஆளுமாக இருநூறு பவுண்டு. அடுத்த அலை வந்து தூக்கியது, இழுத்தான், அரை அடி வந்தது. அலை திரும்பியது. அதோடு லினோவும் திரும்பப் போயிருக்கவேண்டும்.

போகவில்லை.

அலை போயிற்று, அவன் அங்கேயே நின்றான். பிறகு கனம் குறைந்தது. லினோ தானாகவே மேலே வந்தான், தோள், மார்பு, வயிறு. டுவார்ட்டே இழுக்கவே இல்லை. கீழிருந்து தூக்கிக்கொடுத்தார்கள். ஏற முடியாதவனுக்குக் கூட வந்தவன் கொடுப்பது இப்படித்தான், தண்ணீருக்குள் நின்றுகொண்டு, பூட்ஸுக்கு அடியில் உள்ளங்கை வைத்து. அந்த ஒரு கணம் டுவார்ட்டேக்கு உடம்பெல்லாம் நன்றி சுரந்தது. யாரோ வந்துவிட்டார்கள். சொல்ல வாயைக்கூடத் திறந்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு அடி ஆழம்.

லினோவின் உடம்புக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

லினோவின் இரண்டு பூட்ஸ். பாறையில் வழுக்காமலிருக்க அடியில் வரிசையாய்க் கூர் ஆணி. அவற்றின் கீழே இரண்டு உள்ளங்கை. வெளுத்து, நீரில் ஊறிய துணிபோலச் சுருங்கி. ஆணிகள் அவற்றுக்குள் முழுசாக இறங்கியிருந்தன. ரத்தம் இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே சிவப்பு வெளிச்சம், அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

மறுபடி தள்ளின. மெல்ல. பத்திரமாக.

டுவார்ட்டே தோள்வாரை விடவில்லை. விட்டால் லினோ போய்விடுவான். விடாவிட்டால். அதற்குமேல் அவனால் நினைக்க முடியவில்லை. நினைப்பதற்கு முன்பே கீழே இருக்கும் அதற்குத் தெரிந்துவிடும்.

லினோவின் முழங்கால்கள் மேலே வந்தன. பிறகு பாதங்கள். ஆணிகள் உள்ளங்கையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. பாறையின் மேல், ஏறிக்கொண்டிருந்த தண்ணீரில், அவன் முழுசாக டுவார்ட்டேயின் மடியில் கிடந்தான்.

கைகள் கீழே போகவில்லை. தண்ணீருக்கு வெளியே, முழங்கை வரைக்கும், அங்கேயே நின்றன. அடுத்து ஏற வேண்டியவன் நீட்டுவதுபோல இரண்டும் சேர்ந்து டுவார்ட்டேயின் பக்கம் நீண்டன. விரல்கள் விரிந்தன.

அவன் பிடித்துத் தூக்கிவிடுவதற்காகக் காத்திருந்தன.